நல்ல பையன் என்று சொன்ன சாட்சிகள்

கொலை வழக்குகளில் எனக்கு வழக்கமாக வரும் தலைவலி, கட்சிக்காரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஓர் ஆள் அகப்படாததுதான். உறவினர்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். கூட வேலை பார்த்தவன், "நமக்கு எதுக்கு மேடம் வம்பு" என்று நழுவிவிடுவான். சாஆ ஊர்ப் பையனின் வழக்கில் எல்லாம் தலைகீழ். அவனுடைய தாமானே, அந்தக் குடியிருப்பு முழுவதுமே, திரண்டு வந்து அவன் நல்ல பையன் என்று போலீசில் சொல்லியிருந்தது. அவனைத் தூக்கில் போட அரசுத் தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சியம் தேவைப்படவில்லை.

நான் மூவாரில் வழக்கறிஞர். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். அப்படித்தான் அந்தப் பையன் எனக்கு வந்து சேர்ந்தான். அப்போது கொலைக்குத் தூக்கு ஒன்றுதான் தண்டனை. நீதிபதிக்கு மனம் இரங்கினாலும் வேறு தண்டனை கொடுக்க வழியில்லை. அந்தச் சட்டம் பிறகுதான் மாறியது.

அவன் கொன்றது தன் அப்பாவை. அவர் செம்பனைப் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டியவர். ஒரு சனிக்கிழமை பிற்பகல், லோரியில் கிடந்த குலை குத்தும் கம்பியை எடுத்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பையன் குத்திவிட்டான். பிறகு வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உள்ள ஒருத்தன் எங்கப்பா மாதிரியே உக்காந்திருந்தான். எங்கப்பாவ எங்க கொண்டு போனாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றிருக்கிறான். இதை அந்த எதிர்வீட்டுக்காரர் போலீசிடம் சொல்லவே இல்லை. எனக்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

சிறையில் அவனை முதல்முறை பார்த்தபோது, கொண்டுபோயிருந்த கேள்விகளை எல்லாம் மூட்டை கட்டி வைக்க வேண்டியதாயிற்று. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியாக, மரியாதையாக உட்கார்ந்திருந்தான். "எங்கப்பாவ கண்டுபிடிச்சிட்டாங்களா மேடம்?" என்று கேட்டான். நடிக்கிறானோ என்று ஒரு கணம் தோன்றியது, மறைக்கவில்லை. நடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடிப்பார்கள். இவன் என் பின்னால் இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான், அப்பா அந்த வழியாக வந்துவிடுவார் என்பதுபோல.

நீதிமன்றத்தில் மனுப் போட்டேன். அவனை ஜொகூர் பாருவில் உள்ள மனநல மருத்துவமனைக்கு அனுப்பிக் கவனிக்கச் சொன்னார்கள். அங்கிருந்த மருத்துவர் நிதானமான பெண்மணி. அவனுக்கு நோய் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டம் கேட்பது இன்றைய நோயை அல்ல. அந்தச் சனிக்கிழமை பிற்பகல், தான் செய்வது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா என்பதைத்தான் கேட்கிறது. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் எங்கள் தலையில்தான். "அதுக்கு முந்தின மாசங்கள்ல அவன் எப்படி இருந்தான்னு யாராவது சொல்லணும். வீட்டுல கேட்டேன். ஒண்ணுமே இல்ல, கேஸ்டிரிக் மட்டுந்தான்னு சொல்றாங்க" என்றார் மருத்துவர்.

கேஸ்டிரிக்! நம் ஆட்களுக்கு அது வெறும் வயிற்று நோயல்ல. பரீட்சையில் தோற்றால் கேஸ்டிரிக், புருஷன் அடித்துப் படுத்துக்கிடந்தால் கேஸ்டிரிக், நிச்சயம் செய்த பெண் அழுது முகம் வீங்கினால் அதுவும் கேஸ்டிரிக். இந்தப் பையன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். கெலாங் பாத்தாவில் நண்பர்களோடு வாடகை வீட்டில் தங்கி, விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தான். வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் டாக்டரிடம் வாங்கிய எம்சி விடுப்புச் சீட்டில் இருந்ததும் கேஸ்டிரிக். வேலையை விட்டு வீட்டுக்கு வந்ததற்கும் தாமானில் சொன்ன காரணம் அதே.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அந்தக் கோபத்தோடுதான் சாஆவுக்குக் காரை விட்டேன்.

அது தாமானின் கடைசி வரிசை வீடு. பின்பக்கம் முழுக்கச் செம்பனை. லோரியை எடுத்துப் போய்விட்டார்கள், அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. பையனின் அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அக்கா என்றே கூப்பிட்டேன். மைலோ கலக்கிக் கொடுத்தார். கணவனைப் பறிகொடுத்து, மகனைச் சிறைக்கு அனுப்பிவிட்ட அந்த வீட்டில் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. குசினி வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் குளுவாங்கில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல லாயரம்மா. நல்ல பையன். நீங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"கேட்டுட்டேன்க்கா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அதனாலதான் ஓடி வந்தேன்."

அவர் முகத்தில் ஒரு சிறு பெருமை தெரிந்தது. "நாந்தான் வீடு வீடா போயி சொன்னேன். போலீஸ் பாலாய்ல கூப்பிட்டுக் கேட்டா நல்லபடியா சொல்லுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல."

"அலமாக்" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவர் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. அடுத்த வரிசையில் ஒரு பையன் மோட்டார் சைக்கிள் திருட்டில் மாட்டியபோது, கோயில் தலைவரும் பள்ளி ஆசிரியரும் வந்து நல்ல பையன் என்று சொன்னார்கள், நீதிபதி கொஞ்சமாகத் தண்டித்து அனுப்பினார். அதை அந்த அம்மா பார்த்திருக்கிறார். திருட்டுக்கு வேலை செய்தது கொலைக்கும் செய்யும் என்று நம்பிவிட்டார். அப்பாவிடம் மூச்சுக்கூட விடாத பையன், குடிக்காத பையன், தெளிவான பையன் என்று தாமான் முழுக்கச் சொல்லச் சொல்ல, தெளிந்த புத்தியோடு பெற்றவரைக் கொன்றவன் என்ற வழக்கு தானாகக் கட்டி எழும்பிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குற பையன் கொன்னா அதுக்குப் பேரு கொலைக்கா. தூக்குதான். என்ன செய்றோம்னே தெரியாத நோயாளி செஞ்சான்னாத்தான் நான் காப்பாத்த முடியும்" என்றேன்.

"பைத்தியம்னு கோர்ட்டுல சொல்லச் சொல்றீங்களா? பேப்பர்ல வரும். இவ கல்யாணம்? நாளைக்கு அவன் வெளிய வந்தா யாரு வேலை குடுப்பா?"

"அவன் வெளிய வந்தாத்தானே வேலை!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாதி மைலோ அதில் இருந்தது.

காருக்கு வந்தபோது மகள் பின்னாலேயே வந்தாள். "தம்பி சிங்கப்பூர்ல இருந்து வந்தப்பவே சரியில்ல மேடம்" என்று தொடங்கினாள். கம்பெனி பஸ்ஸில் ஓட்டுநர் தினமும் மாறுகிறார், ஆனால் எல்லாரும் ஒரே முகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் முதலில் சொன்னானாம். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சந்தேகம் அப்பாவின் மேல் திரும்பியது. முனீஸ்வரர் கோயிலில் கயிறு கட்டினார்கள். கட்டிய நாள் மட்டும் நன்றாகத் தூங்கினான்.

"காலையில அப்பாவுக்குப் பரீட்சை வைப்பான் மேடம். என் நாலாம் வகுப்பு டீச்சர் யாரு, நான் எந்த நோவுல ஆஸ்பத்திரில படுத்தேன், இப்படி. அப்பா சரியா சொல்லிட்டா சிரிப்பான், சேந்து பசியாறுவாங்க. அப்பாவும் கோவிச்சுக்க மாட்டாரு. சில நாளு முந்தின ராத்திரியே எங்கிட்ட கேட்டு வச்சுக்குவாரு."

"அந்தச் சனிக்கிழமையும் கேட்டானா?"

"நான் வேலைக்குப் போயிட்டேன். அம்மாதான் இருந்தாங்க. என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டகூட சொல்லல."

மகன் தினமும் வைத்த பரீட்சைக்கு அப்பா படித்துக்கொண்டு போனார் என்பதை நினைத்தபடியே மூவார் வரை ஓட்டினேன். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப் போயிற்று.

மாதக்கணக்கில் மருந்து கொடுத்தபின் பையன் தேறினான். தேறினான் என்று சொல்ல நா கூசுகிறது. நோய் விலக விலக, நாற்காலியில் இருந்தது அப்பாதான் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து நான் போனபோது அவன் கதவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

"நானே ஒத்துக்கிறேன் மேடம். தூக்குன்னா தூக்கு."

ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, சித்த சுவாதீனம் இல்லாமல் செய்தாய் என்று வாதாடப் போகிறோம் என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான். இத்தனை வருஷத்தில் எந்த நீதிபதியும் என்னை அப்படி மடக்கியதில்லை.

"கீலான்னு, பைத்தியம்னு எழுதி என்னைய விட்டுட்டா, எங்கப்பாவ கொன்னது யாருன்னு எழுதுவாங்க? யாருமே இல்லன்னா?"

நல்லவேளையாக, சட்டத்தில் அதற்கு ஒரு பதில் இருந்தது. சித்த சுவாதீனம் இல்லை என்று ஒருவனை விடுவிக்கும்போது, அந்தச் செயலை அவன் செய்தானா இல்லையா என்பதை நீதிபதி தனியாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். படித்த காலத்தில் இது ஏதோ சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"நீதான் செஞ்சேன்னும் எழுதுவாங்க. உன் மேல குத்தம் இல்லன்னும் எழுதுவாங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

இன்னொன்றையும் சொன்னேன், மறைப்பது சரியில்லை. "வீட்டுக்கு விட மாட்டாங்க. ஆஸ்பத்திரிலதான் வச்சிருப்பாங்க. எத்தனை வருஷம்னு கணக்கு கிடையாது. சுல்தான் அனுமதி வர்ற வரைக்கும்."

"பரவால்ல மேடம். மொதல்ல உள்ளத எழுதட்டும்" என்றான்.

அவன் சம்மதித்துவிட்டான். ஆனால் மருத்துவரின் அபிப்பிராயம் மட்டும் போதாது. அந்தப் பிற்பகலில் வீட்டுக்குள் இருந்தவர் வாயைத் திறக்க வேண்டும்.

விசாரணை மூவார் உயர்நீதிமன்றத்தில் நடந்தது. அரசுத் தரப்பு சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து அவனைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். எதிர்த்தரப்பு சாட்சிகளிடம், என் கட்சிக்காரனைப் பற்றி ஏதாவது குறை சொல்லுங்களேன் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் தொழிலில் இப்படி ஒரு கூத்து அதற்கு முன்னும் பின்னும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும், என் கேள்விகளுக்குப் பின், அந்த அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு, வாசலில் பையன் சொன்னதைச் சொன்னார். மற்றவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள்.

பிறகு அந்த அம்மாவை அழைத்தார்கள். வெள்ளைச் சேலையில் வந்தார். பின்வரிசையில் குளுவாங் சம்பந்தி வீட்டார் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று. அரசுத் தரப்பு கேட்டதற்கெல்லாம் அவர் முன்பு சொன்னதையே சொன்னார். மகனுக்கு ஒரு நோயும் இல்லை. அப்பாவோடு சண்டையும் இல்லை. ஏன் செய்தான் என்று தெரியாது.

என் முறை வந்தது. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அன்னிக்கு உங்க மகன் அப்பாகிட்ட என்ன கேட்டான்?"

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் நீதிபதிக்குச் சொன்னார். அந்த அம்மா குற்றவாளிக் கூண்டைப் பார்த்தார். மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லுங்கம்மா" என்றான். நீதிமன்றத்தில் அவன் அப்படிப் பேசக் கூடாது. யாரும் அதட்டவில்லை.

"சின்னப்புள்ளையில நான் விழுந்து பல்லு ஒடைஞ்சது எங்கன்னு கேட்டான்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"கோயில் படியிலன்னாரு." சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே, மளமளவென்று சொல்லத் தொடங்கினார். "அது கோயில் படி இல்ல. சிம்பாங் ரெங்கத்துல என் தம்பி வீட்டு வாசல்ல. அவருக்கு எப்படித் தெரியும், அவரு அன்னிக்கு லோரில போயிட்டாரு. நாந்தான் புள்ளையத் தூக்கினேன். எனக்குத் தெரியும். நான் குசினியில மீன் கழுவிக்கிட்டு இருந்தேன், எல்லாம் காதுல விழுது. இந்தக் கிறுக்குத்தனத்துக்குத் துணை போகக் கூடாதுன்னு பேசாம இருந்தேன். அவன் 'நீ எங்கப்பா இல்ல'ன்னுட்டு அமைதியா வெளிய போனான். காத்து வாங்கப் போறான்னு நெனச்சேன். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்திருப்பாங்க."

மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி காத்திருந்தார். அந்த அம்மா மறைத்தது மகளின் கல்யாணத்துக்காக மட்டும் என்று நினைத்து அவரிடம் சத்தம் போட்டு வந்திருந்தேன். அழுகை வந்தது. வழக்கறிஞர் அழக் கூடாது என்பதால் கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன்பின் எல்லாவற்றையும் சொன்னார். பஸ் ஓட்டுநரின் முகம், காலைப் பரீட்சை, கோயில் கயிறு, வீடு வீடாகப் போய்க் கும்பிட்டது. சம்பந்தி வீட்டார் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். பிறகு மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவரால் திட்டமாகச் சொல்ல முடிந்தது. அப்பா வேடத்தில் இருந்த யாரோ ஒருவனைத்தான் அவன் தாக்கினான், அப்பாவை அல்ல.

தீர்ப்பை நீதிபதி மலாயில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் பையனின் காதருகில் தமிழில் சொன்னார். அந்தச் செயலைச் செய்தது இவர்தான் என்ற இடத்தில் அவன் தலையை ஆட்டினான். கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்ற இடத்தில் அவனிடம் ஓர் அசைவும் இல்லை.

வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை வருஷம் லாயரம்மா?"

"வருஷம் சொல்ல மாட்டாங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறான். அனுமதி வர்ற வரைக்கும் அங்கதான்."

"அப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

உயிர் பிழைத்ததே, அதுதான் ஜெயிப்பு என்று சொன்னேன். சொன்னேனே தவிர, எனக்கே அது மனதில் ஒட்டவில்லை. தெளிந்த புத்தியோடு குற்றம் செய்து சிறைக்குப் போகிறவனுக்கு ஓர் எண் கிடைக்கிறது. அவன் அம்மா காலண்டரைப் பார்த்துக் கழித்துக்கொண்டே வரலாம். குற்றமே இல்லை என்று விடப்பட்டவனுக்கு அந்த எண்கூட இல்லை. ஆபத்தான நோயைப் பாதியில் அவிழ்த்துவிட முடியாது என்பது எனக்குப் புரியாமலில்லை. நோய் எண் பார்த்துக் குணமாவதில்லை என்று மருத்துவர் சொன்னதும் சரிதான். இருந்தாலும் ஒரு தாயிடம் "தெரியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு உண்பது எனக்கு இன்றுவரை கசப்பாகத்தான் இருக்கிறது.

குளுவாங் சம்பந்தம் நின்று போயிற்று. மகள் ஜொகூர் பாருவில் வேலைக்குச் சேர்ந்து, மருத்துவமனைக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். பிறகு கூட வேலை பார்த்த ஒருவரையே கட்டிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு எடுத்த அன்றைக்கே, சொன்ன தேத்தண்ணி மேசைக்கு வருமுன், தம்பியைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் கேட்டுவிட்டு, எந்தக் கிழமை பார்க்கப் போவீர்கள் என்று மட்டும் கேட்டாராம். அம்மாவும் பஸ் மாறி மாறி வந்துவிடுவார். வருஷங்கள் போயின.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். பையன் வெகுகாலமாகச் சீராக இருக்கிறான், விடுதலைக்குப் பரிந்துரை செய்யலாம், ஆனால் வீட்டில் ஏற்றுக்கொள்ள ஆள் வேண்டும் என்று. அந்த அம்மா என்னையும் துணைக்கு அழைத்தார். பெரிய மேசைக்குப் பின்னால் மருத்துவர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பழைய மருத்துவர் இப்போது நரைத்திருந்தார். வீட்டில் யார் யார், மாத்திரையை யார் கொடுப்பார், ஊசிக்கு யார் அழைத்துப் போவார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அவரோட ஒரே வீட்டுல இருக்க உங்களுக்குப் பயம் இல்லையா?" என்று தமிழிலேயே கேட்டார்.

நான் உள்ளுக்குள் பதறினேன். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால் இன்னும் எத்தனை வருஷமோ.

"பயமா இருக்கு டாக்டர்" என்றார் அந்த அம்மா. "இல்லன்னு சொன்னா பொய்யி. எங்க வீட்டுக்காரரு உக்காந்த நாற்காலிப் பக்கம் போகாம சுத்தித்தான் நடக்குறேன். ஆனா எனக்கு இப்ப அடையாளம் தெரியும். அவன் மொகத்தப் பாத்து ஒரு மாதிரி கேள்வி கேக்க ஆரம்பிச்சா, யாருகிட்டயும் மறைக்க மாட்டேன், அன்னிக்கே கூட்டிட்டு ஓடியாந்துருவேன். குடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

மருத்துவர் குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அதற்குப் பிறகும் அரண்மனையிலிருந்து அனுமதி வந்து சேர ஒரு மழைக்காலம் ஆயிற்று.

போன மாதம் சிகாமாட்டில் ஒரு வழக்கு. திரும்பும் வழியில் சாஆவில் இறங்கினேன். பையன் வேலைக்குப் போயிருந்தான், பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறானாம். ஊசி தவறுவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி தேவலை. எதிர்வீட்டுக்காரர் வந்து பேசிவிட்டுப் போகிறார். இன்னும் இரண்டு வீட்டார் இவர்கள் வாசலைத் தாண்டும்போது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை.

"ராத்திரியில எப்படிக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

"ரூம்பு கதவ உள்ள தாப்பா போட்டுக்கிட்டுத்தான் படுக்குறேன் லாயரம்மா. வந்த மொத நாளே அவன்தான் தாப்பா வாங்கியாந்து மாட்டினான். நான் போடுற சத்தம் காதுல கேட்டப்புறந்தான் அவனுக்குத் தூக்கமே வருதாம்."